அழகுக்கு யார் கை முழம்?

சங்கரன்கோவில் பூச்சந்தையிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் மூட்டையாக வந்து இறங்கும் பிச்சியும் மல்லிகையும், சிவகிரிக் கடைத்தெருவில் ஒரு திண்ணையின் ஈரச் சாக்கின்மீது கொட்டப்பட்டு, மேற்கு மலையின் முகட்டில் பட்ட வெயில் ஊருக்குள் இறங்குவதற்கு முன்பே, வாழைநாரில் கண்ணி கண்ணியாகத் தொடுக்கப்பட்டுப் பந்து பந்தாகச் சுருண்டு கிடக்கும். அங்கே பூக்கட்டும் அம்மாள் தராசு வைத்துக்கொள்ளவில்லை; முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை நீட்டிப் பிடித்து, ஒரு முழம், இரு முழம் என்று அளந்து கிள்ளிக் கொடுக்கிறார். சற்றே உயரமான பெண்மணி ஒருவர் வந்து, "உன் கை முழம் குட்டையா இருக்கு, என் கையால அளந்து குடு" என்று உரிமையோடு கேட்பதும், அந்த அம்மாள் சிரித்தபடியே இன்னும் நாலு கண்ணி கூட்டி விடுவதும் அன்றாடம் நடப்பதுதான். கைக்குக் கை முழம் வேறுபடும் என்பதை அந்தத் திண்ணையில் அறியாதவர் எவரும் இல்லை.

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அந்தத் திண்ணையருகே நின்றபோது, அந்த அம்மாளின் மகள், ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருக்கும் சிறுமி, பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் கண்களைப் பதித்திருந்தாள். முந்தின இரவு ஹைதராபாத்தில் நடந்து முடிந்த உலக அழகிப் போட்டியின் காட்சிகள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. தாய்லாந்து தேசத்துப் பெண் கிரீடம் சூடி நிற்க, பக்கத்தில் இரண்டாம் இடம் பெற்ற எத்தியோப்பியப் பெண் முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றாள். சிறுமி கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "தாத்தா, இந்த ரெண்டாவது வந்த அக்காவப் பாருங்க, என் நெறந்தான்லா?" என்று கேட்டாள். தாயார், "பூவக் கட்டுட்டி, நேரமாச்சு" என்று அதட்டினார். சிறுமியோ என் பதிலுக்காகக் காத்திருந்தாள். "ஆமாம்மா, உன் நிறந்தான்" என்றேன். அவள் மறுபடியும் நாரைக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தக் கேள்வியில் அடங்கியிருந்த ஏக்கமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதல் முழம் போட்டவர்கள்

சௌந்தரியத்தைப் போற்றுவது மனித சுபாவம்; அதில் பாபம் ஒன்றும் இல்லை. ஆனால் தேசம்தோறும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒரே மேடையில் வரிசையாக நிறுத்தி, இவளே அகில உலகத்துக்கும் அழகி என்று முடிசூட்டும் வழக்கம் எங்கே, எதற்காகத் தோன்றியது என்பதைச் சற்று ஆராய வேண்டும். 1951இல் லண்டனில் எரிக் மார்லி என்பவர் நடத்திய நீச்சலுடைப் போட்டியே பிற்பாடு 'மிஸ் வேர்ல்டு' ஆயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவில், 1951ஆம் ஆண்டின் அமெரிக்க அழகியாகிய யோலாண்ட் பெட்பீஸ் நீச்சலுடையில் படத்துக்கு நிற்க மாட்டேன் என்று மறுத்துவிட, அதனால் மனக்கசப்புற்ற கேட்டலினா என்ற நீச்சலுடைக் கம்பெனி தன் ஆதரவை விலக்கிக்கொண்டு, 1952இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 'மிஸ் யுனிவர்ஸ்' போட்டியைத் தொடங்கி வைத்தது. ஆக, இந்தப் போட்டிகளில் உலகத்துப் பெண்களின் அழகை அளக்க நீட்டப்பட்டது, வியாபாரியின் கை முழம்.

அந்த முதல் 'மிஸ் யுனிவர்ஸ்' போட்டியிலேயே இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர், சென்னையில் 1930இல் பிறந்த இந்திராணி ரஹ்மான் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்து, இந்திய நாட்டியத்தின்மீது கொண்ட பக்தியால் ராகினி தேவி என்று பெயர் பூண்ட நர்த்தகியின் மகள் அவர். பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானைப் பதினைந்தாம் வயதில் மணந்து, போட்டிக்குப் போகையில் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இருந்தவர். கடற்கரை மேடையில் மற்றவர்களைப் போல நீச்சலுடை அணிந்து நின்ற அவர் கூந்தலில் பூவும் நெற்றியில் பொட்டும் துலங்கின. பின்லாந்துப் பெண் ஆர்மி கூசெலா முடிசூடிக்கொள்ள, இந்திராணி வெறுங்கையோடுதான் திரும்பினார். ஆயினும் அடுத்து வந்த வருஷங்களில் பரதம், குச்சிப்புடி, ஒடிஸி ஆகிய நாட்டியங்களைத் தேசம் தேசமாக எடுத்துச் சென்று, குறிப்பாக அதுவரை வெளியுலகம் அறியாதிருந்த ஒடிஸிக்குச் சர்வதேச அரங்கில் ஸ்தானம் தேடிக் கொடுத்து, பத்மஸ்ரீ விருதும் பெற்று, நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் ஆசிரியையாகவும் விளங்கிய அவருடைய வாழ்க்கையை நோக்கும்போது, அன்று நடுவர்களின் முழத்துக்கு எட்டாமல் போனது எவ்வளவு பெரிய வஸ்து என்பது விளங்குகிறது.

அண்டை வீடுகளிலிருந்து

இந்த மேடையில் நமக்கு முன்னே முத்திரை பதித்தது அண்டை நாடாகிய இலங்கை. 1955இல் அதே லாங் பீச் நகரில், கொழும்பிலே பிறந்த மோரீன் ஹிங்கர்ட் மூன்றாம் இடத்தைப் பெற்றார். அவரும் நாட்டியம் கற்றவரே. ஐரோப்பிய முகங்களுக்கே உரியது என்று கருதப்பட்டு வந்த அந்த வரிசையில் தெற்காசியாவின் முகமும் இடம் பெறலாம் என்பதை அந்தத் தீவின் பெண் மெய்ப்பித்தார்.

பதினொரு வருஷங்களுக்குப் பிறகு, 1966 நவம்பரில், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவி ரீட்டா ஃபாரியா லண்டனில் உலக அழகியாக முடிசூடி, அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார். கிரீடம் தலையில் இருந்த ஒரு வருஷம் கழிந்ததும் அவர் செய்த காரியந்தான் என் மனத்தில் அதிகமாக நிற்கிறது. சினிமாவும் விளம்பரமும் அழைத்தபோது அவற்றை நாடாமல், மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து முடித்து, டாக்டராகவே வாழ்வை அமைத்துக்கொண்டு, அயர்லாந்தின் டப்ளின் நகரில் குடியேறினார். ஒரு வருஷத்துக் கிரீடத்தைவிட ஆயுள் முழுவதற்குமான ஸ்டெதாஸ்கோப்பே மேலானது என்று தேர்ந்துகொண்ட தெளிவுக்கு எந்த நடுவரும் மதிப்பெண் போட்டதில்லை.

1970இல் மணிலாவில் நடந்த ஆசிய பசிபிக் அழகிப் போட்டியில் ஜீனத் அமன் வென்றதும், 1984இல் இலங்கையின் ரோஸி சேனநாயக்க திருமணமானவர்களுக்கான உலக அழகிப் பட்டத்தைப் பெற்றதும் இதே வரலாற்றின் அத்தியாயங்கள். ரோஸி சேனநாயக்க மலேசியாவுக்கான தூதராகப் பணியாற்றி, 2018இல் கொழும்பு மாநகரின் முதல் பெண் மேயராகவும் பதவியேற்றார். நாட்டியம், மருத்துவம், நகர நிர்வாகம் என்று இந்தப் பெண்மணிகளை உயர்த்திய தகுதிகளில் ஒன்றுகூட இடுப்பளவால் அறியத்தக்கதல்ல.

பெங்களூரும் மதுரையும்

1994இல் மே மாதம் மணிலாவில் சுஷ்மிதா சென்னும், நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் ஐஸ்வர்யா ராயும் அடுத்தடுத்துப் பட்டம் சூடியபோது, நம் தேசமே ஆனந்தத்தில் மிதந்தது. அந்நியப் பொருள்களுக்குச் சந்தை திறந்துவிடப்பட்டு மூன்று வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது. அழகு சாதனங்கள் சிறு சிறு பொட்டலங்களாகச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரையில் வந்து, தோரணம் தோரணமாகத் தொங்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

இரண்டு வருஷங்களுக்குப் பிறகு அந்த மேடையே நம் அண்டையில் வந்து நின்றது. 1996 நவம்பர் 23ஆம் தேதி பெங்களூரின் சின்னசாமி மைதானத்தில் 88 தேசங்களின் பெண்கள் கலந்துகொண்ட உலக அழகிப் போட்டி, அமிதாப் பச்சனின் நிறுவனத்தால் நடத்தப்பட்டது. கலாசாரம் கெடுகிறது என்று ஒரு சாராரும், பெண்களைப் பண்டமாக்குகிறார்கள் என்று மற்றொரு சாராரும், எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே வீதியில் நின்று போராடினார்கள். நீச்சலுடைச் சுற்று மட்டும் கடல் கடந்து செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான போலீசாரின் காவலுக்கு நடுவே கிரேக்க நாட்டுப் பெண் ஐரீன் ஸ்க்லிவா முடிசூடிக்கொண்டார்.

ஆனால் அந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிற தமிழன் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. இறுதிச் சுற்றுக்குச் சில நாட்களுக்கு முன்பு, நம் மதுரை மாநகரில் ஓர் இளைஞர் அந்தப் போட்டியை எதிர்த்துத் தம் உடம்பில் தீ வைத்துக்கொண்டு உயிர் துறந்தார். அந்த மரணத்தை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. பெண்ணின் உடம்பை விலைப்பொருளாகக் காண்பது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழையே தேசத்தின் மானம் முழுவதையும் அவள் உடம்பின்மீது ஏற்றி வைப்பதும். முன்னதன் முழம் வியாபாரியின் கையில் இருக்கிறது. பின்னதன் முழம் காவல்காரர்களாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர்களின் கையில் இருக்கிறது. மேடையில் நின்ற எண்பத்தெட்டுப் பெண்களிடம், நீங்கள் எதற்காக இங்கே வந்தீர்கள், எதை விரும்புகிறீர்கள் என்று அந்த இரு திறத்தாரும் கேட்டதாக நான் அறியேன். இந்தக் கேளாமைக்கு மதுரையிலே ஒரு குடும்பம் தன் பிள்ளையைப் பறிகொடுத்தது.

முழத்தை மாற்றிய அண்டைப் பெண்கள்

அந்த வரிசையில் நின்றபடியே முழத்தை மாற்றிக் காட்டிய பெண்கள் நம் அண்டை நாடுகளிலிருந்து வந்தார்கள் என்பதை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். 2023 நவம்பரில் எல் சால்வடோர் நாட்டில் நடந்த 'மிஸ் யுனிவர்ஸ்' போட்டிக்குப் பாகிஸ்தானிலிருந்து முதன்முறையாக ஒரு பெண் வந்தார்: கராச்சியின் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எரிகா ராபின். சொந்த நாட்டில் எழுந்த கண்டனங்களையும், விசாரணைக்கு உத்தரவிட்ட அரசாங்கத்தின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு போன அவர், நீச்சலுடைச் சுற்றிலே உடம்பு முழுவதையும் மூடிய ஆடையில் நிமிர்ந்து நடந்தார். அதே மேடையில் நேபாளத்தின் ஜேன் தீபிகா காரெட், செவிலியாகப் பணிபுரிந்தவர், ஒல்லியான உடம்பே அழகு என்ற நீண்டகால விதியைத் தம் பருத்த மேனியோடு தாண்டி வந்து, முதல் இருபது பேரில் ஒருவராகத் தேர்வு பெற்றார். உடல் எடையைக் கூட்டும் ஹார்மோன் கோளாறு தமக்கு இருப்பதை மறைக்காமல், அதைப் பற்றியே பேசினார். ஒருவர் உடையை மாற்றினார்; மற்றவர் உடம்பைப் பற்றிய எண்ணத்தை மாற்றினார். இருவருமே பட்டம் பெறவில்லை; ஆனால் அவர்களுக்குக் கிடைத்த கரகோஷம் அந்த மண்டபத்தோடு அடங்கிவிடவில்லை.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், சித்திரை மாதத்துக் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டி, பல மாநிலங்களிலிருந்தும் திரண்டு வரும் திருநங்கையர் விழுப்புரத்திலே 'மிஸ் கூவாகம்' போட்டி நடத்துகிறார்கள். பிறந்த வீட்டிலே பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாத ஒருவர், அன்றைக்குப் பட்டுடுத்திப் பூச்சூடி மேடையேறி, எய்ட்ஸ் நோய் பற்றியும் தம் சமூகத்தின் உரிமைகள் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஆயிரம் பேர் பார்க்க அங்கீகாரம் பெறுகிறார். அங்கே அழகுப் போட்டி, 'நானும் இருக்கிறேன்' என்று உலகத்துக்கு அறிவிக்கும் வாயிலாகிறது. தம்மைத் தாமே அளந்துகொள்ளும் உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த மேடையின் பொருளே மாறிவிடுகிறது.

கருங்கல் அழகிகளின் வாசலில்

ஹைதராபாத் விழாவுக்கு மறுபடியும் வருவோம். 72ஆவது உலக அழகிப் போட்டியைத் தெலங்கானா அரசாங்கம் முன்னின்று வரவேற்றது. இலங்கை, நேபாளம், வங்காளதேசம் முதலிய நம் அண்டை நாட்டுப் பெண்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மே மாதத்தில் அந்த மாநிலத்தைச் சுற்றி வந்தார்கள். முலுகு மாவட்டம் பாலம்பேட்டையில் உள்ள ராமப்பா கோயிலுக்கும் அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். காகதீய மன்னர் கணபதிதேவரின் சேனாபதி ரேச்சர்ல ருத்ரர் 1213இல் எழுப்பிய அந்தக் கோயிலின் வெளித்தாழ்வாரத்தில், கன்னங்கரிய கல்லிலே செதுக்கிய மதனிகைப் பாவைகள் எண்ணூறு வருஷங்களாக இன்னமும் வழவழப்புக் குன்றாமல் நிற்கின்றன. நம் நெல்லைச் சீமையின் கிருஷ்ணாபுரத்திலே ரதியையும் குறத்தியையும் கண்டு சொக்கி நின்றவர்களுக்கு அந்தப் பாவைகளின் லாவண்யத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு நிறத்தில் பேரழகைக் கண்ட சிற்பிகளின் தேசம் இது.

அந்த அழகிகளின் வாசலிலே, வரிசையாக உட்கார்ந்திருந்த போட்டியாளர்களின் பாதங்களுக்கு உள்ளூர்ப் பெண்கள் நீர் வார்த்துத் துண்டால் துடைத்துவிட்ட காட்சி பத்திரிகைகளில் வெளிவந்து, பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவுவது நம் வழக்கம் என்று சமாதானம் சொல்லப்பட்டது. தண்ணீர் கொடுத்து உபசரிப்பது வழக்கம். ஒருத்தியின் காலை மற்றொருத்தியைக் குனிந்து துடைக்கச் செய்வது வழக்கமல்ல. இங்கிலாந்தின் பிரதிநிதி பாதியிலேயே போட்டியை விட்டு விலகித் தம் தேசம் திரும்பி, நன்கொடையாளர்களை மகிழ்விக்கும் காட்சிப் பொருளாகத் தம்மை நடத்தினார்கள் என்று குற்றம் சாட்டினார். நடத்தியவர்கள் அதை மறுத்தார்கள். குனிய வைக்கப்பட்ட கிராமத்துப் பெண்ணும், விலகிச் சென்ற இங்கிலாந்துப் பெண்ணும் ஒரே விஷயத்தைத்தான் நமக்கு உணர்த்துகிறார்கள்: மதிப்பு என்பது எல்லாப் பெண்ணுக்கும் பொதுவாக இல்லாத இடத்தில் அழகுக்கு விழா எடுப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவையும் சொன்ன நான், நல்லதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1972 முதல், உலக அழகிப் போட்டியை நடத்தும் ஸ்தாபனம் சேவைப் பணிக்கென ஒரு பிரிவை வைத்திருக்கிறது. 2015 முதல் நீச்சலுடைச் சுற்றை நீக்கிவிட்டது. மே 31 இரவு முடிசூடிய தாய்லாந்தின் ஓபல் சுசாதா சுவாங்ஸ்ரீ, பதினாறாம் வயதில் தம் மார்பிலே இருந்த கட்டியைச் சிகிச்சை செய்து அகற்றிக்கொண்டவர். அதன் விளைவாகவே மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வைத் தம் பணியாக எடுத்துக்கொண்டவர். வெட்கத்தால் டாக்டரிடம் காட்டாமல் கட்டியை முற்றவிட்டு மடிகிற பெண்கள் நம் கிராமங்களில் இன்றும் இருக்கும்போது, ஓர் இளம் பெண் உலக மேடையிலிருந்து அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியது பெரும் உபகாரம் என்றே நான் கருதுகிறேன். அண்டை நாட்டுப் பெண்கள் ஒருவரோடொருவர் கைகோத்து நின்று, தத்தம் ஊரின் துயரத்தைச் சொல்லிக்கொள்ள ஒரு மேடை வேண்டும். அந்த மேடையை ஒழிக்க வேண்டியதில்லை. அங்கே நீட்டப்படும் முழத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நம் வீட்டுப் போட்டி

முழத்தை மாற்றும் காரியம் லண்டனிலோ மணிலாவிலோ தொடங்கவேண்டியதில்லை, சிவகிரியிலேயே தொடங்கலாம். ஏனெனில் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அழகிப் போட்டி நடக்கிறது. பெண் பார்க்கும் நாளன்று, பட்டுப்புடவை உடுத்தி, தலை நிறையப் பூவோடு, காப்பித் தட்டை ஏந்திக் கூடத்துக்கு வருகிற பெண்ணை, முன்பின் அறியாத பத்துப் பேர் தலை முதல் கால்வரை பார்த்து, "பிள்ளை லட்சணந்தான், நெறந்தான் கொஞ்சம் மட்டு" என்று திரும்பிப் போகும் வழியிலே தீர்ப்புச் சொல்கிறார்களே, அந்தப் போட்டியில் போட்டியிடுபவள் ஒருத்தியே; தோற்பவளும் அவளே. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்டு லவ்லி' என்ற களிம்பு இந்தத் தீர்ப்பின்மீதே கட்டப்பட்ட வியாபாரம். 2020இல் உலகத்தின் கண்டனத்துக்கு அஞ்சி அதன் பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியது, நம் கூடங்களில் தீர்ப்பு மாறவில்லை.

அந்தச் சிறுமி என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் திண்ணையில் சொன்ன பதில் போதாது. அவள் நிறத்தில் ஒருத்தி உலக மேடையில் இரண்டாவதாக நின்றாள் என்பது ஒரு நாள் மகிழ்ச்சி. அவள் கூடத்தில் காப்பித் தட்டோடு நிற்க வேண்டிய நாளில் அவள் நிறத்தைப் பற்றி எவரும் வாய் திறக்காமல் இருப்பதே நிரந்தர மகிழ்ச்சி. அதற்கு இன்னும் பத்து வருஷ அவகாசம் நமக்கு இருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு வரன் தேடி விளம்பரம் எழுதும்போதும், தரகரிடம் விவரம் சொல்லும்போதும், 'நிறம்' என்ற அந்த ஒரு சொல்லை எழுதாமலும் சொல்லாமலும் விட்டுவிடுங்கள். பெண்ணின் படிப்பைக் கேளுங்கள். அவள் செய்யும் வேலையைக் கேளுங்கள். முக்கியமாக, அவள் சம்மதத்தைக் கேளுங்கள்.